வலை ஈயத்தில் முப்பது குண்டு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும், பிறகு வாய் திறக்கும். இடையில் யோசிக்க நேரம் கிடைக்காது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். "டீச்சர்ட காது சிவந்திட்டு" என்று கடைசி வாங்கில் ஒருத்தி முணுமுணுத்தால் முன்வாங்கு வரைக்கும் கொப்பிகள் திறபடும். பதினாறு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அதிபர் ஒருமுறை நேராகவே கேட்டார், "டீச்சர், நீங்க பாடம் நடத்துறீங்களா, சண்டை பிடிக்கிறீங்களா?" இரண்டும்தான் என்றேன்.

இப்படிப்பட்டவள் கையில் துவக்கைக் கொடுத்தது யார் என்று எங்கள் ஊர் குறிஞ்சிப்பிட்டியில் கேட்காத ஆள் இல்லை. யாரும் கொடுக்கவில்லை, நானாகப் போய் மாட்டிக்கொண்டதுதான். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் நாலு பேரைக் காற்றுத் துவக்குப் பயிற்சிக்குக் கூட்டிப் போகச் சொல்லி என்னை அனுப்பினார்கள். சிலாபம் போகிற வழியில் ஒரு தென்னந்தோட்டத்துக்குள் இருக்கிறது அந்தச் சுடுகழகம். பிள்ளைகள் சுட்டுக்கொண்டிருக்க, நான் கதிரையில் சும்மா கிடந்து கொட்டாவி விட்டேன். கழகத்துச் செயலாளர் ஓய்வுபெற்ற தோட்டத்துரை, சிங்களவர், தமிழும் நல்லாக் கதைப்பார். "மிஸ், சும்மா இருக்கிற நேரம் இதையும் ஒருக்கா பாருங்களேன்" என்று கழகத்தின் பழைய ரிவோல்வர் ஒன்றை மேசையில் வைத்தார்.

அது பழைய மாதிரி. விசையை மட்டும் இழுத்தால் ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு சூட்டுக்கும் முன்னால், பின்பக்கத்தில் இருக்கிற குதிரையைப் பெருவிரலால் இழுத்து ஏற்றவேண்டும். ஏற்றி, மூச்சை விட்டு, பார்த்து, பிறகுதான் விசை. அடுத்த சூட்டுக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அவசரப்பட்டால் தாளில் எங்கேயாவது ஓட்டை விழும், நடுவில் விழாது. அன்றைக்கு ஐந்து சூடு சுட்டேன், ஐந்தும் மண்மேட்டுக்குத்தான் போனது. ஆனால் அந்த ஐந்து சூட்டு நேரமும் நான் யாரோடும் மனதுக்குள் சண்டை பிடிக்கவில்லை. வீட்டுக்கு வரும்போதுதான் அதை உணர்ந்தேன். அல்லாவே, எத்தனை வருடத்துக்குப் பிறகு!

அடுத்த மாதம் உறுப்பினராகச் சேர விண்ணப்பித்தேன். பொலிஸ் விசாரித்தது, கிராம சேவகர் விசாரித்தார், எல்லாரையும் விட அதிகமாக என் மதினி விசாரித்தா. மதினி என் வீட்டுக்காரரின் மூத்த அக்கா, அவர் ராத்தா என்பார். நான் அவ வீட்டு வாசலில் கால் வைத்தாலே, "டீச்சர் வாறா, எல்லாரும் கையத் தூக்குங்க" என்று சத்தம் போடுவா. புத்தளம் டவுனில் இருக்கிற என் உம்மா ரெண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டா. "தொண்ணூறுல துவக்குக்குப் பயந்துதானே உன்னத் தோள்ள போட்டுக்கிட்டு மன்னாருல இருந்து வந்தம்? இப்ப நீயாப் போய்த் துவக்கப் பிடிக்கிறியா?" எனக்கு அப்போது ஐந்து வயது. உம்மா கேட்ட பிறகும் கழகத்துக்குப் போவதை நான் நிறுத்தவில்லை.

வீட்டுக்காரர் மட்டும் தடுக்கவில்லை. அவர் மீன்பிடி வள்ள எஞ்சின் திருத்துகிறவர், வீட்டு முன்பக்கத்தில்தான் பட்டறை. அவருக்கு எல்லாமே எஞ்சின்தான். நான் ரிவோல்வரைப் பற்றிச் சொன்னபோது, "உருளை சுத்துதா? நல்லம். எண்ணெய் போடுறாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

கழகத்தில் ஒரு வழக்கம். இந்த ரிவோல்வருக்குக் கடையில் ரவை, அதாவது தோட்டா, வாங்க ஏலாது, இறக்குமதியும் இல்லை. அதனால் ஈயக் குண்டை உறுப்பினர்களே வார்த்துக் கொடுக்கவேண்டும். அச்சு கழகத்துடையது, முறைவைத்து வீட்டுக்குக் கொண்டுவரலாம். வார்த்த குண்டைச் செயலாளரிடம் ஒப்படைத்தால் அவர்தான் மருந்தோடு சேர்த்து ரவையாக்கிப் பூட்டி வைப்பார். துவக்கும் ரவையும் ஒருநாளும் கழகத்து வாசலைத் தாண்டாது. எங்கள் வேலை வெறும் ஈயம் மட்டும்.

ஈயத்துக்கு எங்கள் பக்கம் பஞ்சமே இல்லை. கிழிந்த வலையில் எல்லாம் ஈயம் தொங்கும். மாம்புரி வள்ளக்காரர்கள் எஞ்சின் திருத்த வரும்போது, "டீச்சருக்கு" என்று பழைய வலை ஈயத்தைப் பொலித்தீன் பையில் கொண்டுவந்து தருவார்கள். எனக்கு யாரும் பூ கொண்டுவந்து தந்ததில்லை, ஈயம் தந்திருக்கிறார்கள். அதை எல்லாம் கொல்லைப்புறத்து முருங்கை மரத்தடியில் ஒரு பெயின்ட் வாளியில் சேர்த்து வைப்பேன். காற்று கடல் பக்கம் அடிக்கிற நேரம் பார்த்து, முகத்தைக் கட்டிக்கொண்டு, காஸ் அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்து உருக்குவேன். அச்சுக்குள் ஊற்றி, ஆறவிட்டுத் தட்டினால் குண்டு விழும். ஒவ்வொன்றையும் நகைத் தராசில் நிறுக்கவேண்டும். பதினாறு கிராம் இருக்கவேண்டும். அரைக் கிராம் குறைந்தாலும் செயலாளர் திருப்பித் தந்துவிடுவார். "மிஸ், இது குண்டு இல்ல, பொத்தான்" என்பார்.

வருடத்துக்கு ஒருமுறை சோதனை. முப்பது சூடு, முந்நூறு புள்ளி. இருநூற்றுப் பத்து எடுத்தால் உறுப்பினர் அட்டை தொடரும். ஒரு வருடம் தவறினால் மன்னிப்பு உண்டு. அடுத்த வருடமும் தவறினால் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான். முந்தின வருடம் டெங்குக் காய்ச்சல் விட்டு ஒன்பதாம் நாள் போய்ச் சுட்டுத் தவறிவிட்டேன். அதனால் இந்த வருடம் கட்டாயம் எடுத்தாகவேண்டும். எடுக்காவிட்டால் போச்சு, அந்தத் தென்னந்தோட்டத்துக்குள் எனக்கு வேலையே இல்லை. பள்ளிக்கூடம், அடுப்படி, பிள்ளைகளின் டியூஷன், மதினியின் வாய் எல்லாவற்றுக்கும் நடுவில், மாதத்தில் ரெண்டு சனிக்கிழமை மட்டும் எனக்கென்று இருந்தது. அதை விடச் சொன்னால் எனக்கு மூச்சு முட்டும். அவ்வளவுதான் விசயம்.

சோதனை சனிக்கிழமை. குண்டுகளை வியாழக்கிழமை பின்னேரத்துக்குள் செயலாளரிடம் சேர்க்கவேண்டும். புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து, சோற்றைக்கூடச் சரியாகச் சாப்பிடாமல் அடுப்பைப் பற்றவைத்தேன். வாளியிலிருந்த ஈயம் முழுவதையும் சட்டியில் கொட்டினேன். ஈயம் உருகினால் மேலே கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். அன்றைக்கு அப்படிப் பளபளக்கவில்லை. நோன்புக் கஞ்சி ஆறினது போல மேலே தடித்துக் கிடந்தது. நெருப்பைக் கூட்டினேன், கிண்டினேன், மேலே வந்ததை வழித்தேன். திரும்பவும் கஞ்சிதான். சரி பார்ப்போம் என்று அச்சில் ஊற்றினேன். விழுந்த குண்டுகளின் விளிம்பு மழுங்கி, உடம்பு சுருங்கி, கிழங்கு வற்றல் போல இருந்தன. தராசில் வைத்தேன். பதினாலரை. அடுத்தது பதினாலு. இருபது குண்டு வார்த்தேன், ஒன்றுகூடப் பதினைந்தைத் தொடவில்லை.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். கூப்பிட்டது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு குண்டை எடுத்துக் கத்தியால் கீறிப் பார்த்தார். சட்டியை எட்டிப் பார்த்தார்.

"இதில சிங்க் விழுந்திருக்கு" என்றார்.

சிங்க் என்றால் புத்தகத்தில் நாங்கள் நாகம், துத்தநாகம் என்று படிப்பிக்கிறதுதான். கடல் உப்பு எஞ்சினை அரிக்காமல் இருக்க, எஞ்சினின் அடிப்பாகத்தில் நாகக்கட்டி ஒன்றைப் பூட்டுவார்கள். எஞ்சினுக்குப் பதிலாக அது கரையும். பார்வைக்கு ஈயம் மாதிரியே சாம்பல் நிறம். ஆனால் உருகின ஈயத்தோடு அது சேர்ந்துவிட்டால் சட்டி முழுக்கப் பாழ். பிரித்தெடுக்க ஏலாது. சட்டியையும் சேர்த்துத்தான் வீசவேண்டும்.

எனக்குக் காது சுட்டது.

"இந்த வீட்டில சிங்க் ஆருட்ட இருக்கு? என்னட்டயா? நானா எஞ்சின் திருத்துறன்?"

அவர் வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, "பிழை நடந்திட்டு" என்றார்.

"பிழையா? ஒரு வருஷமா நான் இந்த நாளுக்குக் காத்துக்கிட்டு இருக்கன். உங்கட பட்டறைக் குப்பையக் கொண்டுவந்து என்ட வாளியில போட்டுட்டு, பிழை எண்டு சொல்றீங்க."

"வேற ஈயம் எடுக்கலாம். நாளைக்கு விடிய வார்த்தாப் போதும்தானே?"

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. போன கிழமை மதினி வந்து, "இந்த வருஷத்தோட இந்தக் கூத்து முடியட்டும்" என்று சொன்னபோது, இவர் பேசாமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது எனக்கு அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது.

"நான் தவறணும் எண்டு வேணுமெண்டே போட்டீங்க. உங்கட ராத்தா சொல்லிக் குடுத்திருப்பா" என்றேன்.

அவர் முகம் சிறுத்துப்போனதை நான் பார்த்தேன். பார்த்தும் சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை. அவர் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். கற்பிட்டியில் வலைச்சாமான் கடையில் புது வலை ஈயம் நாலு கிலோவும், வேறு எங்கேயோ ஒரு புதுச் சட்டியும் வாங்கிக்கொண்டு மஹ்ரிப் தொழுகைக்கு முன்னம் வந்து, முருங்கை மரத்தடியில் வைத்தார். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை லீவு போட்டு விடியவே வார்த்தேன். அவர் அடுப்பைப் பற்றவைத்துத் தந்தார், அச்சை முதலில் சூடாக்கித் தந்தார். நான் நன்றி சொல்லவில்லை. ஐம்பது குண்டு வார்த்ததில் முப்பத்தாறு சரியாகப் பதினாறு கிராம் நின்றன. சும்மா சொல்லக்கூடாது, அதுவரை நான் வார்த்ததிலேயே நல்ல குண்டுகள் அவைதான். பழைய துணியில் பொதிந்து அவரே பஸ்ஸில் கொண்டுபோய்ச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

சனிக்கிழமை என்னோடு வந்தார். நான் பஸ்ஸில் முன்னுக்கு இருந்தேன், அவர் பின்னுக்கு இருந்தார். கழகத்தில் வெளியாட்கள் கம்பிவேலிக்கு அப்பால்தான் நிற்கலாம். அங்கே ஒரு தென்னைமரத்தின் நிழலில் போய் நின்றார். நான் காதுமூடியை ஸ்கார்ப்புக்கு மேலால் மாட்டினேன். அது வழக்கம்போல வழுக்கியது. வழக்கமாக அதற்குச் சிரிப்பேன், அன்றைக்குப் பல்லைக் கடித்தேன்.

ஆறு குண்டு போடுகிற உருளையில் ஐந்துதான் போடுவோம், ஒரு அறை வெறுமையாக இருக்கவேண்டும் என்பது பாதுகாப்பு. ஐந்து ஐந்தாக ஆறு தடவை. முதல் ஐந்து சுட்டுவிட்டுத் தாளைப் பார்த்தால், ஐந்தும் கீழே இடப்பக்கம். சரி, அடுத்ததில் திருத்தலாம் என்று நினைத்தேன். குதிரையை ஏற்றுவேன், மூச்சை விடுவேன், பார்ப்பேன். பார்க்கிற இடத்தில் இலக்கு தெரியாது, அவர் சட்டியை எட்டிப் பார்த்த முகம்தான் தெரியும். 'பிழை நடந்திட்டாம்' என்று மனம் சொல்லும், விசையை இழுப்பேன். முப்பது சூடும் அப்படித்தான் போனது.

இருநூற்று மூன்று. ஏழு புள்ளியால் தவறினேன்.

செயலாளர் இலக்குத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். "மிஸ், குண்டில ஒரு பிழையும் இல்ல. பாருங்க, எல்லாம் ஒரே இடத்தில விழுந்திருக்கு. ஒரு தேங்காய்ச் சிரட்டையால மூடலாம். இடம்தான் பிழை. பிடியை நசுக்கிப் பிடிச்சா இப்படித்தான் கீழ இழுக்கும். இன்டைக்கு என்ன கோபம்?"

"கோபம் ஒண்டும் இல்ல சேர்" என்றேன். என் அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து அதை உள்ளே வைத்தார். அவருக்கும் கவலைதான், ஆனால் சட்டம் எல்லாருக்கும் ஒன்று.

வேலிக்கு வெளியே வீட்டுக்காரரிடம் வந்தேன். "என்ன மாதிரி?" என்று கேட்டார். "போச்சு" என்றேன். அதுதான் நான் அவரோடு கதைத்த கடைசி வார்த்தை. புத்தளம் வரும்வரைக்கும் பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதுகொண்டு வந்தேன். உப்பளம் தாண்டும்போது பக்கத்திலிருந்த ஒரு உம்மா, "மையத்து வீட்டுக்கா மகள் போறீங்க?" என்று கேட்டா. ஓம் என்றேன்.

அதற்குப் பிறகு இருபத்தொரு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. கணக்குப் போட்டுச் சொல்கிறேன், இருபத்தொரு நாள். சோற்றை மேசையில் வைத்து மூடிவிட்டு அறைக்குள் போவேன். மீன் வாங்கவேண்டும் என்றால் மகளிடம் சொல்வேன், மகள் வாப்பாவிடம் சொல்வாள், அவர் பக்கத்திலேயே நின்றிருப்பார். முதல் கிழமை அவர் நாலைந்து தடவை, "இஞ்ச பாருங்க, ஒரு கதை இருக்கு" என்று தொடங்கினார். தொடங்கினதுமே நான் எழும்பிப் போய்விடுவேன். ஒருநாள் காதைப் பொத்திக்கொண்டும் போனேன், நாற்பது வயதுப் பொம்பிளை. மூன்று நாளைக்கு மேல் கதைக்காமல் இருக்கக்கூடாது என்று உம்மா போனில் ஏசினா. போனை வைத்துவிட்டேன். சனிக்கிழமைகளில் வீட்டில் இருந்து அலுமாரியை அடுக்கினேன். அடுக்கினதையே மறுபடியும் அடுக்கினேன். எனக்கென்று இருந்த ஒன்றை இந்த மனிசன் இல்லாமல் ஆக்கிவிட்டார் என்று ஒவ்வொரு சேலையையும் மடிக்கும்போதும் நினைத்தேன்.

இருபத்தோராம் நாள் பின்னேரம் மாம்புரியிலிருந்து ஒரு வள்ளக்காரர் எஞ்சின் எடுக்க வந்தார். கத்தோலிக்கர், எங்கள் பட்டறைக்குப் பழைய ஆள். அவர் வந்த நேரம் வீட்டுக்காரர் உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன்.

"டீச்சர், சோதனை முடிஞ்சுதானே? இனிக் கேட்டாப் பரவாயில்லத்தானே" என்று தொடங்கினார். "சோதனைக்கு முந்தின வாரம் வெள்ளிக்கிழமை, அவர் ஜும்மாவுக்குப் போன நேரம், நான் புது சிங்க் கட்டி ஒண்டு உங்கட கையில தந்தன்தானே? என்ட எஞ்சினுக்குப் பூட்ட. அத எங்கயாச்சும் கண்டீங்களா? அவர் வேற ஒண்டு வாங்கிப் பூட்டித்தான் வச்சிருக்கார், எனக்கு நட்டம் இல்ல. டீச்சருக்குச் சோதனை முடியும் வரைக்கும் இதப்பத்தி ஒண்டும் கேக்கவேணாம் எண்டு சொன்னவர், அதான் இவ்வளவு நாளும் வாய் தொறக்கல்ல."

வெள்ளிக்கிழமை. முருங்கை மரத்தடியில் குந்தியிருந்து கிழிந்த வலையிலிருந்து ஈயத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். இந்த வள்ளக்காரர் பின்வாசலால் வந்து, சாம்பல் நிறத்தில் கனமாக ஒன்றை நீட்டினார். வள்ளக்காரர் நீட்டினால் அது எனக்கு ஈயம்தான். "நல்லம் அண்ணன், பெரிய உதவி" என்று வாங்கி, பார்க்காமலே வாளிக்குள் போட்டேன். டங் என்று விழுந்த சத்தம்கூட இப்போது காதில் கேட்டது. ஈயத்துக்கும் நாகத்துக்கும் வித்தியாசம் எழுதுக என்று தவணைக்குத் தவணை பிள்ளைகளுக்கு நாலு புள்ளிக் கேள்வி போடுகிறவள் நான்.

வள்ளக்காரரிடம் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. எஞ்சினைத் தூக்கி ஓட்டோவில் வைத்துக்கொண்டு அவர் போய்விட்டார். எனக்குக் காது சுடவில்லை. வேணுமெண்டே போட்டீங்க என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

பட்டறைக்குள் போனேன். அவர் வேறொரு எஞ்சினைக் கழற்றி, நட்டுகளைச் சாக்கில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் போட்டது" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "ஓம். தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. சட்டியப் பாத்த நேரமே. உங்கட கையில தந்ததா அவர் வெள்ளிக்கிழமையே போன்ல சொல்லியிருந்தார். பூட்டுற நேரம் கேட்டு எடுக்கலாம் எண்டு இருந்தன்."

"அப்ப ஏன் பழிய உங்கட தலையில போட்டுக்கிட்டீங்க? நான் என்னவெல்லாம் சொன்னன்!"

"சோதனைக்கு ரெண்டு நாள்தான் இருந்திச்சு. நீங்கதான் போட்டதெண்டு தெரிஞ்சா உங்களுக்குக் கை நடுங்கும். என்னோட கோபமா இருந்தா நடுங்காதுதானே எண்டு நினைச்சன்."

ஆனாலும் பாருங்கள், அந்த நேரத்திலும் எனக்குள்ளிருந்த சண்டைக்காரி விடவில்லை.

"சரி, சோதனை முடிஞ்சதுக்குப் பிறகாவது சொல்லியிருக்கலாமே? இவ்வளவு நாளும் ஏன் சொல்லல்ல?"

கையிலிருந்த நட்டைத் துணியால் துடைத்து, வரிசையில் வைத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். கண்டிக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

"பிறகு நீங்க என்னோட கதைக்கல்லியே, டீச்சர்."